கோயில் முற்றத்தில் கிடந்த நண்டுக் கூடு

சட்டபீடத்தில் படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கிற உங்களில் யாரோ ஒருவர் தலையில் "புதுமை" என்ற பாடத்தைக் கட்டிவிடுவார்கள். என் தலையிலும் அப்படித்தான் கட்டினார்கள். புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிப்புரிமை படிப்பிக்க எல்லோருக்கும் ஆசை. பாட்டு, படம், கைத்தொலைபேசி என்று வகுப்பு கலகலப்பாக இருக்கும். ஆக்கவுரிமை, அதாவது கண்டுபிடித்தவருக்குக் கொடுக்கிற உரிமை என்று தொடங்கினால் கொட்டாவி விடுவார்கள். அதிலும் புதுமை என்றால் பின்வரிசை வாங்கில் இருக்கிறவர் நித்திரையே கொண்டுவிடுவார். கோபிக்காதீர்கள், நானும் மாணவனாய் இருந்தபோது நித்திரை கொண்டவன்தான்.

பாடம் சின்னது. உலகத்துக்கு ஒரு கருவியை முதன்முதலாகத் தருகிறவருக்குத்தான் ஆக்கவுரிமை. அவர் விண்ணப்பம் போட்ட நாளுக்கு முன்னமே அந்தக் கருவி பொதுமக்களுக்கு எட்டக்கூடிய இடத்தில் இருந்திருந்தால், அந்த உரிமை செல்லாது. இதற்கு நான் வருடாவருடம் ஒரே உதாரணத்தைத்தான் சொல்லுவேன். ஒரு நூலகத்துத் தட்டில் ஒரு புத்தகம் கிடக்கிறது. ஒருவரும் அதை எடுத்ததில்லை, தூசி ஒரு விரற்கடை. ஆனாலும் அது தட்டில் இருந்தது, யாரும் கைநீட்டி எடுத்திருக்கலாம். அது காணும், அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. "ஆர் பார்த்தது என்று கேட்காதேயுங்கோ, பார்க்கக்கூடியதாய் இருந்ததா என்று கேளுங்கோ" என்று மேசையில் தட்டிச் சொல்லுவேன்.

ஏறக்குறைய முப்பது வருடம் இப்படித் தட்டினேன். அதே நான் ஒரு வழக்கில் அந்த உதாரணத்தை அடியோடு மறந்துபோய், ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்ல வைக்கப் பார்த்தேன். இந்தக் கதையை ஊரில் வேறு யாராவது உங்களுக்குக் கைகால் வைத்துச் சொல்லுவார்கள். அதற்கு முதல் என் வாயாலேயே கேட்டுவிடுங்கள்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின வருடம். விடுமுறைக்கு, மன்னார்க் கரையோரத்தில் அரிப்பு என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு காலையில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். பின்னால் ஒரு நண்டுக் கூடு கட்டியிருந்தது. பேசாலைப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றைச் சேர்ந்த லெம்பேட் அவர். ஊர்ப் பெயரைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார், ஆகவே விடுவோம். ஐம்பது வயது மதிக்கலாம். கதிரையில் இருங்கோ என்று மூன்று தரம் சொன்ன பிறகும் இருக்கவில்லை. கூட்டை அவிழ்த்து என் விறாந்தையில் வைத்தார்.

"சேர், வடிவாப் பாருங்கோ. இப்ப கூடு சரிஞ்சு கிடக்குது. வாசல் திறந்திருக்கு, என்ன?"

பார்த்தேன். கூட்டின் பக்கத்தில், பிளாஸ்ரிக் தண்ணீர்ப் பரலை வெட்டிச் செய்த ஒரு சின்ன வாசல். அதன் பலகை ஒரு பக்கமாய்த் தொங்கி, வாசல் திறந்து கிடந்தது.

"இப்ப தூக்கிறன்."

கயிற்றைப் பிடித்துத் தூக்கினார். கூடு நிமிர்ந்ததும் அந்தப் பலகை தன் பாரத்திலேயே விழுந்து வாசலை மூடியது. கம்பிச் சுருளும் இல்லை, ஒன்றும் இல்லை.

"கடலடியில இப்பிடிச் சரிஞ்சு கிடக்கேக்க குஞ்சு நண்டெல்லாம் இதால போயிடும். பெரிசு நிக்கும். தூக்கேக்க வாசல் பூட்டிடும், அதால பெரிசு காலை வெளிய விட்டு முறிச்சுக்கொள்ளாது. கால் முறிஞ்ச நண்டை ஆர் எடுக்கிறான்? இதுக்குக் குஞ்சு வாசல் எண்டு பேர். நான் வைச்ச பேர்."

குஞ்சு நண்டு தப்பிப் போகத் துவாரம் விட்ட கூடுகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஆனால் அடியில் திறந்து, தூக்கினால் தானாக மூடுகிற வாசலை நான் கண்டதில்லை. சட்டம் படிப்பிக்கிறவன் என்பதை ஒரு நிமிடம் மறந்து, கூட்டைச் சரித்தும் தூக்கியும் நாலைந்து தரம் விளையாடினேன். என்ன மூளையடா இந்த மனுசனுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிரச்சினையை அவர் அதற்குப் பிறகுதான் சொன்னார். ஆறு வருடமாக அவரும் மனைவி பிலோமினாவும் மகனும் மட்டும் இந்தக் கூட்டைப் பாவித்தார்கள். யாருக்கும் காட்டவில்லை. பிறகு ஒரு வருடம் நண்டு மிகவும் குறைந்துபோனது. குஞ்சையெல்லாம் பிடித்து முடித்தால் இனி யாருக்கும் மிச்சம் இராது என்று மீனவர் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தலையில் கைவைத்திருக்க, லெம்பேட் எழும்பி வீட்டுக்குப் போய்க் கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். செய்யும் முறையையும் காட்டிக்கொடுத்தார். இருபது வள்ளக்காரர் அன்றே செய்யத் தொடங்கினார்கள். ஒரு சதம் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னமே, தெற்கில் கூடு செய்து விற்கிற ஒரு கம்பனி இதே மாதிரி வாசலுக்கு ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தது. அவர்களைக் கள்ளர் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுடைய பொறியியலாளர் தன் சொந்த மூளையால்தான் அதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அதை நம்புகிறேன். உரிமை கிடைத்ததும், இந்த வாசலை எங்களைத் தவிர வேறு ஒருவரும் செய்யக் கூடாது என்று கம்பனி நண்டு வாங்குகிற முதலாளிமாருக்குக் கடிதம் எழுதியது. கம்பனிக் கூட்டில் பிடித்த நண்டைத் தவிர வேறு நண்டு எடுக்கமாட்டோம் என்று முதலாளிமார் ஊருக்கு வந்து சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு வந்தாப் பரவாயில்லை சேர்," என்றார் லெம்பேட். "நான் சொல்லிக் குடுத்தெல்லே அவங்கள் பழைய கூட்டையெல்லாம் எறிஞ்சவங்கள். இப்ப என்னாலதானே இருபது குடும்பம் கரையில குந்திக்கொண்டிருக்கு."

சங்கம் கொழும்பில் வழக்குப் போட்டது. என்னுடைய பழைய மாணவி ஒருத்தி வழக்கை எடுத்துக்கொண்டாள். பெயர் சொல்லமாட்டேன், நீங்கள் எல்லோரும் அவளை அறிவீர்கள். பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு சட்டம் தேடிக் கொடுப்பது என் வேலை.

இனிக் கொஞ்சம் கவனமாய்க் கேளுங்கள், முடிச்சு இங்கேதான். லெம்பேட்டின் கூடு அந்த விண்ணப்பத்துக்கு முன்னமே பொதுவில் இருந்தது என்று காட்டினால் ஆக்கவுரிமை விழும், எல்லோரும் தப்புவார்கள். அது இரகசியமாய் இருந்தது என்றால் உரிமை நிற்கும். ஆனால் முன்னமே நல்லெண்ணத்தோடு பாவித்து வந்தவர் என்ற வகையில் லெம்பேட் மட்டும் தொடர்ந்து பாவிக்கலாம். பிறகு கற்றுக்கொண்ட இருபது பேருக்கும் அந்தச் சலுகை இல்லை. "ஒருத்தருக்கும் காட்டேல்லை" என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் தப்பிக்கொண்டே போனார், மற்றவர்கள் தண்ணீருக்குள் தாண்டுகொண்டே போனார்கள்.

நான் என்ன செய்தேன்? வேறென்ன, பேராசிரியர் செய்கிறதைத்தான் செய்தேன். உதவியாளர் இரண்டு பேரை இருத்தி, உலகத்தில் உள்ள ஆக்கவுரிமைத் தரவுத்தளம் எல்லாவற்றையும் கிண்டினேன். ஜப்பானில் நண்டுக் கூடு, நோர்வேயில் நண்டுக் கூடு, எங்கேயோ பெயர் தெரியாத தீவில் நண்டுக் கூடு. தானாக மூடுகிற வாசல் ஒன்றிலும் இல்லை. மாதக்கணக்காய்க் கணினிக்கு முன்னால் இருந்து கண் கெட்டதுதான் மிச்சம்.

இதற்கிடையில் கம்பனியின் வழக்கறிஞரிடமிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. லெம்பேட்டும் அவர் பிள்ளைகளும் காலம் முழுக்க அந்தக் கூட்டைப் பாவிக்கலாம், வழக்கிலிருந்து அவர் விலகிக்கொண்டால் போதும். நான் அதை வாசித்துக் காட்டினேன். லெம்பேட் கடைசிவரை கேட்டார்.

"மற்றவைக்கு?"

"மற்றவைக்கு இல்லை."

"அப்ப எனக்கும் வேண்டாம் எண்டு எழுதிப் போடுங்கோ."

அந்தப் பதிலைக் கேட்டபோது என் நெஞ்சு நிறைந்தது உண்மை. அதோடு எனக்குக் கிலியும் பிடித்தது. இந்த மனிதர் தன்னை விற்கவும் மாட்டார், பொய் சொல்லவும் மாட்டார், வழக்கு தோற்கத்தான் போகிறது. அடுத்த கிழமை விசாரணை. நான் பேசாலைப் பக்கம் பஸ் ஏறினேன்.

பிலோமினா முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கை கழுவித் தேத்தண்ணி போடப் போனா. லெம்பேட்டோடு இருந்து கதைக்கத் தொடங்கினேன். நாற்பது வருடத்துக்கு முதல் எனக்குப் படிப்பித்த ஒருவர் சொல்லியிருந்தார்: "சாட்சியிட்டப் போகேக்க நீ ஆசைப்படுற பதிலை முகத்தில எழுதிக்கொண்டு போகாத." அன்றைக்கு என் முகத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்திருக்கும்.

"லெம்பேட், நல்லா யோசிச்சுப் பாருங்கோ. ஒரு ஆளுக்காவது காட்டியிருப்பியள்."

"இல்லை சேர்."

"மச்சான்மாருக்கு? கடலில தற்செயலா ஆரும் கிட்ட வந்திருப்பினம்?"

"இல்லை சேர்."

"ஒரே ஒரு ஆள் காணும். அந்த ஒரு ஆளால இருபது வள்ளம் தப்பும்."

லெம்பேட் என்னை நிதானமாகப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

"ஆர் எண்டு நீங்களே சொல்லிப்போடுங்கோ சேர். நான் பாடமாக்கிறன்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. சட்டத்தில் இத்தனை பட்டம் வாங்கி, இத்தனை பேருக்குப் பட்டம் கொடுத்து, கடைசியில் ஒரு கடற்றொழிலாளி முற்றத்தில் களவுக்கு ஆள் பிடிக்கிறவன் மாதிரி இருந்தேன். பிலோமினா கோப்பையைக் கொண்டுவந்து வைத்து, "ஆறமுதல் குடியுங்கோ சேர், வெய்யிலுக்க வந்த களை" என்றா. அவவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். என்னை வெட்கத்திலிருந்து தூக்கிவிடத்தான் அப்படிச் சொன்னா என்று நினைக்கிறேன்.

நடந்ததை மறைக்காமல் மாணவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "சேர், இனி வழக்கு முடியுமட்டும் சாட்சிகளோட நீங்கள் தனியக் கதைக்கக் கூடாது" என்றாள். என்னிடம் படித்த பிள்ளை! ஒரு நாள் முழுக்க அவளோடு கோபமாய் இருந்தேன். அடுத்த நாள் யோசித்துப் பார்த்தபோது, நான் படிப்பித்ததில் ஒன்றாவது உருப்பட்டிருக்கிறதே என்று சந்தோசமாய் இருந்தது.

விசாரணைக்கு மன்னாரிலிருந்து ஒரு வாடகை வான் வண்டியில் வந்தார்கள். லெம்பேட்டோடு வள்ளக்காரர் ஐந்து பேர். மாணவி அவரிடம் கேட்க வேண்டியதை நேராகக் கேட்டாள். எப்போது செய்தீர்கள், எப்படி வேலை செய்கிறது, எத்தனை வருடம் பாவித்தீர்கள். அதோடு தன் கதிரையில் இருந்துவிட்டாள். எங்களிடம் இன்னொரு வாதம் இருந்தது, இது பெரிய கண்டுபிடிப்பில்லை என்று. அது நொண்டி வாதம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கம்பனியின் வழக்கறிஞர் எழும்பினார். கெட்டிக்காரர், குரல் உயர்த்தாத மனிதர். அவர் ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். நீங்கள் நேர்மையானவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்று தொடங்கினார். இந்தக் கூட்டை யாருக்காவது காட்டினீர்களா?

"வீட்டாக்களைத் தவிர ஒருத்தருக்கும் காட்டேல்லை."

வழக்கு அங்கேயே முடிந்தது. வழக்கறிஞர் தன் கதிரையில் போய் இருந்திருக்கலாம். ஆனால் மனிதருக்கு முடிச்சை இன்னும் ஒருக்கால் இறுக்கிப் பார்க்க ஆசை.

அந்த ஆறு வருடமும் உங்கள் குடும்பத்தைத் தவிர வேறெவர் கண்ணும் அந்தக் கூட்டில் பட்டதில்லை, சரிதானே?

லெம்பேட் சத்தியம் பண்ணிவிட்டு நிற்கிறவர், ஆகவே யோசித்தார்.

"பங்குச் சுவாமி பாத்திருப்பார்." ஊர்த் தேவாலயத்துப் பாதிரியாரைச் சொன்னார்.

எப்போது?

"வருசாவருசம் தொழில் சாமான் மந்திரிக்கேக்க. தொழில் தொடங்க முதல் எல்லாத்தையும் கோயில் முத்தத்தில கொண்டுபோய் வைப்பம். சுவாமி செபஞ்சொல்லித் தீர்த்தம் தெளிப்பார்."

வழக்கறிஞரின் முகம் மாறியது. மூடித்தானே வைத்திருந்தீர்கள் என்று அவசரமாய்க் கேட்டார்.

"ஆண்டவருக்கு முன்னால வைக்கிறதை ஆரும் மூடி வைப்பினமோ? வலையெண்டா விரிச்சு வைக்கவேணும். கூடெண்டா அப்பிடியே வைக்கவேணும். மூடி வைச்சா மந்திரிச்சது சேராது."

இப்போது நீதிபதியே குனிந்து கேட்டார். அந்த முற்றத்தில் வேறு யார் இருந்தார்கள்?

"ஊர், ஐயா."

ஊர் என்றால்?

"முழு ஊரும்தான். கைக்குழந்தையும் வரும்."

அப்படியென்றால் ஒருவருக்கும் காட்டவில்லை என்று ஏன் சொன்னீர்கள்?

"காட்டேல்லைத்தானே ஐயா? அண்டைக்கு மற்றவன்ர சாமானை ஒருத்தரும் பாக்கிறதில்லை. பீடத்தைப் பாத்துக்கொண்டு நிப்பம். பாத்துச் செய்தாக் களவு."

என் கையிலிருந்த பேனை விழுந்தது. நூலகத்துத் தட்டு! முப்பது வருடம் மேசையில் தட்டிய பாடம்! பார்க்கக்கூடியதாய் இருந்ததா என்று கேள் என்று ஊருக்கெல்லாம் படிப்பித்துவிட்டு, இந்த மனிதரிடம் மாதக்கணக்காய் "ஆருக்குக் காட்டினியள், ஆருக்குக் காட்டினியள்" என்று அரித்திருக்கிறேன். நோர்வேயில் தேடியவன் பேசாலைப் பக்கத்துக் கோயில் முற்றத்தில் தேடவில்லை. அதுவும் நான் என்ன வேற்றூரானா? அரிப்பில் பிறந்தவன். வாத்தியாரான என் தகப்பனாருக்கு வலை இல்லை, அவர் தன் சைக்கிளைக் கொண்டுபோய் மற்றவர்களின் வலைகளுக்கு நடுவில் நிறுத்தி மந்திரித்துக்கொண்டு வருவார். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான். ஆனால் அதைச் சட்டத்தோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தெரியவில்லை. மடையன்.

நீதிபதி வழக்கை ஒரு மாதத்துக்குத் தள்ளிவைத்தார். கூடு முற்றத்தில் எப்படிக் கிடந்தது, பார்க்கிறவருக்கு அது வேலை செய்யும் விதம் விளங்கக்கூடியதாய் இருந்ததா என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. வெளியே விறாந்தையில் மாணவி வள்ளக்காரர் ஐந்து பேரையும் பார்த்துக் கேட்டாள்.

"உங்களில ஆர் பாத்தது?"

ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார், இன்னொருவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். லெம்பேட் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு முன்னால், பார்க்கக் கூடாத நாளில் நான் பார்த்தேன் என்று எவன் சொல்லுவான்? அவர்களுடைய தொழிலும் சோறும் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது என்று ஐந்து பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாணவியும் திரும்பக் கேட்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும். அப்போது நான் நின்ற அரிப்பு வீட்டுக்குச் சூசை வந்தார். அந்த ஐந்து பேரில் ஒருவர், லெம்பேட்டின் பக்கத்து வீட்டு வளவுக்காரர். இரண்டு பேருக்கும் பல வருடமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை. திருவிழாவில் யார் முன்பக்கம் நின்று புனிதரின் சுரூபம் தூக்குகிறது என்பதில் வந்த பிணக்கு. லெம்பேட் சங்கத்தில் கூட்டைக் காட்டிய அன்றும் சூசை பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போய்ச் செய்தவர்.

சாட்சியோடு தனியக் கதைக்கக் கூடாது என்ற கட்டளை என் மண்டையில் நின்றது. ஆனால் இவர் இன்னும் சாட்சி இல்லையே, வீட்டுக்கு வந்தவரைத் துரத்துவதா? இருக்கச் சொன்னேன். கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"சேர், பாக்கப்படாத நாளில பாத்தவன் எண்டு நானே போய்க் கொழும்பில சொல்லவோ? சுவாமியிட்டச் செய்யிற பாவசங்கீர்த்தனத்தில கூட நான் இதைச் சொல்லேல்லை."

என் நாக்கு துடித்தது. இருபது குடும்பம், உங்கள் குடும்பமும் அதில் ஒன்று, சொல்லுங்கோ சூசை, சொல்லிவிடுங்கோ. எல்லாம் தொண்டைவரை வந்தது. அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

"சூசை, நான் உங்களைக் கேக்கமாட்டன். போறதெண்டா உள்ளதைச் சொல்லுங்கோ. போகாட்டியும் உங்களில எனக்குக் குறை இல்லை. முதலில அந்தப் பிள்ளையோட கதையுங்கோ" என்று மாணவியின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வாறன் சேர்" என்றார், போய்விட்டார். போவார் என்றோ மாட்டார் என்றோ ஒரு குறிப்பும் இல்லை. அந்த மூன்று கிழமையும் நான் பட்ட பாடு! கெடுத்துவிட்டேனோ, ஒரு சொல் கூடச் சொல்லியிருக்கலாமோ என்று சாப்பாடே செமிக்கவில்லை. சும்மா இருக்கிறதுதான் இந்தத் தொழிலில் ஆகக் கடினமான வேலை. அதற்கு ஒரு பாடநெறியும் கிடையாது.

விசாரணை நாளில் வான் வந்து நின்றது. பின் இருக்கையிலிருந்து லெம்பேட் இறங்கினார். முன்னால், சாரதிக்குப் பக்கத்திலிருந்து சூசை இறங்கினார். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

கூண்டில் ஏறினார். மாணவி கேட்டாள்: அந்தக் கூட்டைக் கோயில் முற்றத்தில் நீங்கள் பார்த்தீர்களா? லெம்பேட் இருந்த பக்கம் சூசை திரும்பவே இல்லை.

"கண்டனான்."

எத்தனை முறை?

"முதல் வருசத்திலயிருந்து எல்லா வருசமும்."

எப்படிக் கிடந்தது என்று கேட்க, கூட்டை எடுத்துத் தரச் சொன்னார். மேசையில் சரித்து வைத்தார். "அவன் இப்பிடித்தான் வைக்கிறவன். வாசல் திறந்து கிடக்கும். சுவாமி போனாப் பிறகு இப்பிடித் தூக்குவான்." தூக்கினார். பலகை விழுந்து மூடியது. "அப்ப பூட்டும். பூட்டேக்க டக்கெண்டு ஒரு சத்தம் வரும். நான் பீடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாலும் அந்தச் சத்தம் கேக்கும் ஐயா. கேட்டா, கண் போகுது. என்ன செய்ய?"

நீதிபதி சிரித்துவிட்டார். கம்பனிப் பொறியியலாளர் வாங்கின் நுனிக்கு வந்து, தன் பிள்ளையை வேறொருவர் வீட்டில் கண்டவர் மாதிரி அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பகை இல்லை. நல்ல வேலைக்காரன் நல்ல வேலையைக் கண்டால் அப்படித்தான்.

மற்றப் பக்க வழக்கறிஞருக்குக் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது, நல்ல கேள்வி. இவ்வளவு தெளிவாக விளங்கியிருந்தால் அந்த ஆறு வருடமும் நீங்கள் ஏன் செய்யவில்லை? உங்கள் நண்டுகளுக்குக் கால் முறியவில்லையா?

"முறிஞ்சது. எவ்வளவோ முறிஞ்சது."

பிறகேன்?

"மந்திரிக்க வைச்ச சாமானில பாத்ததை எப்பிடி ஐயா செய்யிறது? அவன் சங்கத்தில கொண்டுவந்து தந்தாப் பிறகுதான் நான் செய்தனான்."

வழக்கறிஞர் மொழிபெயர்ப்பை முழுக்கக் கேட்டார். பிறகு சாட்சிக்குத் தலையைச் சற்றே தாழ்த்தி, வேறு கேள்வி இல்லை என்று இருந்துவிட்டார். அந்த எதிரிக்கும் நான் மரியாதை வைத்திருக்கிறேன்.

ஒருவன் செய்ததை இன்னொருவன் கொப்பி அடிக்காமல் இருக்கச் சட்டமும் பதிவுக் கந்தோரும் தண்டனையும் தேவை என்று நான் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரைகளை நீங்கள் பரீட்சைக்குப் படிப்பியுங்கள், பிழையில்லை. ஆனால் சட்டத்தின்படி வருடாவருடம் உலகத்துக்கே திறந்து கிடந்த ஒரு பொருளை ஓர் ஊர் முழுக்கத் தொடாமல் இருந்தது. நான் அதைக் காதால் கேட்டவன்.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. விண்ணப்பத்துக்கு முன்னமே அந்த வாசல் பொதுமக்களுக்கு எட்டக்கூடியதாய் இருந்தது, ஆக்கவுரிமை செல்லாது. வள்ளக்காரர் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாணவி அழுதாள், நானும் அழுதேன். வயது போனவன் அழுதால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறான் என்று நினைப்பார்கள், அது ஒரு வசதி.

லெம்பேட் மட்டும் ஒருவரையும் கட்டிப்பிடிக்கவில்லை. நீதிமன்ற வாசற்படியில் சூசை தன் பையோடு தனியே நின்றார். சாட்சி சொன்ன நாளுக்குப் பிறகும் இரண்டு பேரும் கதைத்திருக்கவில்லை. லெம்பேட் இறங்கி அவருக்கு நேரே போய் நின்றார்.

"முதல் வருசமே கண்டனியே?"

"ஓம்."

"அட பாவி! உன்ர கண்ணில படக்கூடாதெண்டுதானேடா நான் ஆறு வருசமா நேரே போகாமல், கிழக்கால அந்தப் பெரிய சுத்துச் சுத்திப் போய்க் கூடு போட்டனான். எவ்வளவு மண்ணெண்ணெய் எரிச்சன் தெரியுமே?"

சூசை தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியும். நீ சுத்திப் போய்க் கண்மறையுமட்டும் கரையில நிண்டிட்டுத்தான் நான் வள்ளம் தள்ளுறனான்."

லெம்பேட் சூசையின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வான் வண்டியை நோக்கி நடந்தார்.